கேரியரில் வந்த சாமான்

கிடங்கில் அவருக்கு ரெட்டைமூட்டை என்று பெயர். வாலிபத்தில் இரண்டு மூட்டையை ஒரே நடையில் தூக்கிக்கொண்டு லாரிப் பலகை ஏறியதால் வந்த பெயர். இப்போது ஒரு மூட்டைக்கே இரண்டு தரம் மூச்சு வாங்குகிறது. மூட்டை குறைந்துவிட்டது, பெயர் மட்டும் இறங்க மாட்டேன் என்று தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது.

அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது, மிதிக்கத் தெரியும். அதே கிடங்கில் சாக்கு தைக்கிற அவர் மனைவி சாக்குக்காரம்மாவுக்கு விடத் தெரியும். மேட்டில் மிதிக்க முட்டி ஒத்துழைக்காது. எனவே தினமும் காலையில் அம்மா சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிப்பார், ஐயா பின்னால் கேரியரில். பாலத்து மேடு வந்ததும் அம்மா பெடலிலிருந்து காலை எடுத்துக்கொள்ள, ஐயா பின்னாலிருந்தே காலை நீட்டி மிதிப்பார். மேடு முடிந்ததும் காலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினெட்டு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று ஒரு நாய் வந்தது. அம்மா பிரேக்கைப் பிடித்தார். அம்மாவின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாத ஐயா, மேடு இன்னும் முடியவில்லையே என்று மும்முரமாக மிதித்தார். சைக்கிளுக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் அது படுத்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஐயாவின் வலது மணிக்கட்டு, அது இருக்க வேண்டிய திசையில் இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி எட்டரை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு இடத்துல விட்டிருக்கு. இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டா ரெண்டு மூணு மாசத்துல பழையபடி மூட்டை தூக்கலாம். ஆனா இன்னைக்கே போடணும். ஒரு மணிக்கு நான் கிளம்பிடுவேன். பத்து நாள் பயிற்சி வகுப்பு."

"பத்து நாள் கழிச்சுப் போட்டா என்னங்க?" என்று கேட்டார் சாக்குக்காரம்மா.

"கோணலாச் சேர்ந்துடும். சட்டைப் பொத்தான் போடலாம். மூட்டை கனவுலதான்."

ரெட்டைமூட்டைக்குக் கிடங்கு வாசல் கண்முன் வந்தது. கிடங்கில் கோணல் கைக்கு வேலை கிடையாது. கோணல் கைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள், அவ்வளவுதான்.

"அப்ப இப்பவே போட்டுடுங்க சார்."

"போட்டுடலாம். மாவுக்கட்டுத் துணி அந்த அலமாரியில இருக்கு. அலமாரிக்குக் கம்ப்யூட்டர் பூட்டு. எப்படி அடிபட்டுச்சுங்கிறதுக்கு ஒரு குறியீட்டு எண் இருக்கு, அதைத் தட்டினாத்தான் திறக்கும். மாடியில குறியீட்டுப் பிரிவு. போய் எண்ணை வாங்கிட்டு வாங்க, ரெண்டு நிமிஷ வேலை."

"நீங்க என்ன பயிற்சிக்குப் போறீங்க சார்?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார் ரெட்டைமூட்டை.

"குறியீடு இல்லாம கட்டு போடக்கூடாதுங்கிறதுக்கு," என்றார் டாக்டர்.

லிஃப்டின்மேல் 'கோப்புகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. படியேறினார்கள். ஏறும் வழியெல்லாம் ரெட்டைமூட்டை சுவரில் இருந்த ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் படிக்கக் கற்றிருந்தார். ஐம்பது வயதில் வந்த எழுத்து என்பதால் அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதை, கொஞ்சம் பயமும்கூட. வாய்ப்பேச்சில் பொய் சொல்வார். கல்யாணமானவர், சொல்லாமல் முடியாது. ஆனால் ஒரு பேச்சு காகிதத்தில் ஏறப்போகிறது என்று தெரிந்தால் அவர் நாக்கு உண்மையைத் தவிர வேறெதற்கும் புரளாது. அன்றைய கூத்து முழுவதும் இந்த ஒரு குணத்தால் வந்தது.

குறியீட்டுப் பிரிவு குளுகுளுவென்று இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைக் குறியீட்டம்மா என்றார்கள். நல்ல மாதிரி, ரெட்டைமூட்டையின் கையைப் பார்த்து "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் படிவத்தை எடுத்தார்.

"உக்காருங்கய்யா. நடந்து வரும்போது அடிபட்டுச்சா, வண்டியிலயா?"

"சைக்கிள்ளம்மா."

"மிதிவண்டி," என்று தட்டினார். "ஓட்டுநரா, பயணியா?"

"பின்னாடி கேரியர்ல."

"அப்ப பயணி." குறியீட்டம்மாவின் முகம் மலர்ந்தது. "மிதிவண்டிப் பயணிக்குத் தனிப் பக்கமே இருக்குய்யா. இதுவரைக்கும் யாருமே வரலை. நீங்கதான் முதல் ஆள்."

"அதையே போட்டுடும்மா, புண்ணியமாப் போகும்," என்றார் சாக்குக்காரம்மா.

"ஒரு நிமிஷம்," என்றார் ரெட்டைமூட்டை. "மிதிச்சது நான்."

குறியீட்டம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. "கேரியர்ல உக்காந்தா?"

"ஆமாம்மா. மேடு வந்தா அது என் வேலை."

"அப்ப ஹேண்டிலைப் பிடிச்சது?"

"இவ."

"ஓட்டுநர்னா வண்டியை இயக்குறவர்னு இருக்கு. ஹேண்டில் பிடிச்சா இயக்குறதா, பெடல் மிதிச்சா இயக்குறதான்னு இல்லையே... ரெண்டு பேருமே ஓட்டுநர்னு போட்டுப் பாக்கறேன்." தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டது. "ஏத்துக்கலை. ரெண்டு பேருமே பயணின்னு போடவா?" மறுபடியும் அதே சத்தம். "ஓட்டுநர் இல்லாத மிதிவண்டி நகராதாம்."

"அது நகர்ந்து, விழுந்து, எந்திரிச்சும் ஆச்சு. கீழ நிக்குது," என்றார் சாக்குக்காரம்மா.

"சரிம்மா, இதைத் தள்ளி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போவோம். எது மேல மோதினீங்க?"

"மோதலைம்மா. நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு."

"அப்ப விலங்கின்மேல் மோதல்."

"நாய்க்கு ஒண்ணும் ஆகலை. வால் மட்டும் சக்கரத்துல லேசா உரசுச்சு," என்றார் ரெட்டைமூட்டை. உரசியது உண்மை, அதை எப்படி விடுவது?

குறியீட்டம்மா தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். விலங்கு என்றால் என்ன என்பதற்கு அதில் அரைப் பக்கம் விளக்கம் இருந்தது. வால் விலங்கில் சேர்த்தியா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. "அந்த நாயை ஒரு தடவை நேர்ல பாக்க முடியுமா?"

"கூப்பிட்டோம். வேலை இருக்குன்னுடுச்சு," என்றார் சாக்குக்காரம்மா.

"பரவாயில்லைம்மா. விழுந்தப்ப ஐயா வண்டியில ஏறிட்டு இருந்தீங்களா, இறங்கிட்டு இருந்தீங்களா, உக்காந்திருந்தீங்களா?"

"உக்காந்துதான் இருந்தேன். சாயுதுன்னு தெரிஞ்சதும் குதிக்கப் பாத்தேன்."

"அப்ப இறங்கும்போது."

"இறங்கலையே. அதுக்குள்ள விழுந்துட்டேன்."

"இறங்க நினைக்கும்போது..." என்று குறியீட்டம்மா முணுமுணுத்தபடி தேடினார். நினைப்பதற்கு எண் இல்லை. "சரி, இது சுலபம். சாலையிலயா, சாலைக்கு வெளியிலயா?"

இந்த முறை சாக்குக்காரம்மாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "முன்சக்கரம் தார்ல இருந்துச்சு. நாயைப் பாத்து ஒடிச்சதுல பின்சக்கரம் மண்ணுக்கு இறங்கிடுச்சு."

குறியீட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா அம்மா, நீங்க சாலை விபத்துல இருந்திருக்கீங்க. ஐயா சாலை அல்லாத விபத்துல."

"ஒரே சைக்கிள்ளதாம்மா இருந்தோம்!"

"சைக்கிள் ஒண்ணுதாம்மா. விபத்து ரெண்டு."

மணி பத்தேகால். ரெட்டைமூட்டையின் மணிக்கட்டு மெதுவாகப் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குறியீட்டம்மா கைகூப்பாத குறையாக எழுந்து, பிரிவுத் தலைவரை அழைத்துவரப் போனார்.

தலைவர் வந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. நான்கும் வெவ்வேறு நிறம். வந்தவர் கையைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார். முதல் பக்கம் முடிவதற்குள் அவர் கண் ஈரமாகிவிட்டது. இருபது வருஷம் ஏங்கியது கிடைத்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

"சார், ஒரு மணிக்கு டாக்டர் போயிடுவாருங்க," என்றார் சாக்குக்காரம்மா.

"டாக்டர் வருவார், போவார். கோப்பு இருக்கும்." தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சு தெரியுமா? கை உடைஞ்சு வருவான். கட்டுப் போடுவாங்க. போயிடுவான். அவ்வளவுதான்! எதனால உடைஞ்சதுன்னு ஒரு சீட்டு கிடையாது. குணமாகித் தெருவுல நடந்து போவான், எந்தப் பக்கத்துல எந்த வரியில குணமானோம்னு அவனுக்கே தெரியாது. இப்ப அந்தக் கேவலம் இல்லை. போன மாசம் நூத்திநாப்பது பேருக்குக் குறியீடு போட்டோம். ஒரு பிழை சொல்ல முடியாது."

"நூத்திநாப்பது பேருக்கும் நல்லாயிடுச்சுங்களா?" என்று ஆவலாகக் கேட்டார் ரெட்டைமூட்டை.

"அது வேற பிரிவு," என்றார் தலைவர்.

பிறகு அவர் சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் மனித உருவம் ஒன்றை வரைந்து இடுப்பில் குறுக்குக்கோடு போட்டார். இடுப்புக்குக் கீழே ஓட்டுநர், மேலே பயணி. உடைந்தது கை, கை மேல்பாதியைச் சேர்ந்தது, ஆகவே காயம் பயணிக்கு என்று முடிவானது. சாக்குக்காரம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். அதற்குள் குறியீட்டம்மா தயங்கியபடி, "சார், கால் மிதிச்சதாலதானே கை உடைஞ்சுது? அப்ப ஓட்டுநர்தான் பயணியை..." என்று இழுத்தார்.

"கரெக்ட்!" என்று மேசையைத் தட்டினார் தலைவர். "கீழ்ப்பாதியோட அஜாக்கிரதையால மேல்பாதிக்குக் காயம். போலீசுக்கும் சொல்லணும்."

"யாரு மேலங்க கேஸு?" என்றார் சாக்குக்காரம்மா.

"இவர் மேலதான். புகார் கொடுக்கறவரும் இவர்தான். ரெண்டு தரப்பும் ஒரே இடத்துல இருக்கறது நமக்கு வசதி."

சாக்குக்காரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார். போலீஸ் வேண்டாம். பயணி என்பவர் தன் உழைப்பு ஏதுமில்லாமல் வருகிறவர். அப்படித்தான் வந்தேன் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும், மிதித்ததை மறந்துவிடலாம். நாயையும் மறந்துவிடலாம். குறியீட்டம்மா தாளை நீட்டினார்.

ரெட்டைமூட்டை அதை மடியில் வைத்து எழுத்துக் கூட்டினார். "நா-ன் எவ்-வி-த உழை-ப்-பு-ம் இன்-றி அமர்ந்-தி-ருந்-தேன்." படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதுல எப்படிங்க போடறது? பதினாறு வயசுலேருந்து நான் அப்படி உக்காந்ததே இல்லையே."

"யோவ்! உன் பெருமையை எடுத்து உள்ள வை. கையெழுத்தப் போடுய்யா!" என்றார் சாக்குக்காரம்மா.

"போடற கைதானே உடைஞ்சிருக்கு."

"அப்ப இடது பெருவிரல் வைக்கலாம்," என்று மைப்பெட்டியை எடுத்தார் குறியீட்டம்மா.

ரெட்டைமூட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார். "எழுத்து வந்த அன்னைக்கே கைநாட்டை விட்டுட்டேன் தாயி. அதை மட்டும் கேக்காதீங்க."

சாக்குக்காரம்மா அவரை முறைத்தார். ஆனால் அந்த மடக்கிய விரலைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பு விட்டு வந்த முதல் நாள், தன் பெயரைச் சுவர் முழுக்கக் கரியால் எழுதி வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி நின்ற ஆள் அல்லவா. மணி பதினொன்றே முக்கால்.

வேறு வழியில்லாமல், மிதிவண்டியை நேரில் ஆய்வு செய்வது என்று தலைவர் தீர்மானித்தார். அவர் ஒரு அளவுநாடாவோடும், குறியீட்டம்மா கோப்போடும், இவர்கள் இருவரும் பசியோடும் கீழே இறங்கினார்கள். கோப்பு மட்டும் லிஃப்டில் போயிருக்கலாம், அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிள் மரத்தடியில் சாய்ந்திருந்தது. தலைவர் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். சீட்டுக்கும் கேரியருக்கும் நடுவே நாடா வைத்து அளந்தார். ரெட்டைமூட்டையைக் கேரியரில் உட்காரச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். தலையில் கட்டோடு ஒரு நோயாளி வந்து வேடிக்கை பார்த்தார். "சைக்கிள் வாங்கறாங்களா, ஆளை வாங்கறாங்களா?" என்று அந்த ஆள் சாக்குக்காரம்மாவிடம் கேட்க, "எதையாவது எடுத்துக்கிட்டா சரிதான்," என்றார் அவர்.

தலைவர் குனிந்து கேரியரைத் தடவினார். துருவுக்கு அடியில் இரும்பில் புடைப்பாக ஏதோ எழுத்து. அவருக்குக் கண்ணாடி மாடியில். "இதுல ஏதோ எழுதியிருக்கே. அம்மா, என்னன்னு பாரு."

குறியீட்டம்மா குனிவதற்குள் ரெட்டைமூட்டை கேரியரிலிருந்து இறங்கி, இடது கை விரலால் துருவைச் சுரண்டிவிட்டார். எழுத்து என்றதும் அவருக்கு வலிகூட மறந்துவிட்டது. பதினெட்டு வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். அதில் எழுத்து இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

"அதி-க-பட்-ச சு-மை... இருபத்தைந்து கி-லோ!"

தலைவரின் குரல் தணிந்தது. "இன்னொரு தடவை படிங்க."

ரெட்டைமூட்டை இந்த முறை தடங்கல் இல்லாமல், கணீரென்று படித்தார். "அதிகபட்ச சுமை இருபத்தைந்து கிலோ." படித்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். சாக்குக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சுமை!" என்றார் தலைவர். "பயணின்னு எங்கயாவது இருக்கா? ஆள்னு இருக்கா? செஞ்சவனே எழுதி வெச்சிருக்கான், இதுல வர்றது சுமைன்னு. நாமதான் காலையிலேருந்து இவரை ஒரு நபரா நினைச்சு வீணா அலைஞ்சிருக்கோம். ஓட்டுநரும் இல்லை, பயணியும் இல்லை. சாமான்!"

"சார், அற்புதம் சார்," என்றார் குறியீட்டம்மா, உண்மையான நெகிழ்ச்சியோடு.

தலைவர் கோப்பை வாங்கி, பச்சைப் பேனாவால் 'நபர் அல்ல. இப்பிரிவில் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரத்தைக் குறித்தார்: பன்னிரண்டு பத்து. வந்த நாளிலேயே முடிந்த கோப்பு. அந்த மாதத்தில் அதுதான் முதல்.

"அப்ப இவரு எங்கங்க போறது?" என்று கத்தினார் சாக்குக்காரம்மா.

"சாமான் எல்லாம் ஸ்டோர்ஸ்மா. பின்பக்கம், கீழ்த்தளம்."

ஸ்டோர்ஸில் கால் போன கட்டில், முதுகு போன நாற்காலி, தலை போன மின்விசிறி எல்லாம் வரிசையாக நின்றன. காதில் பென்சில் செருகிய ஸ்டோர் கீப்பர், கோப்பைப் படித்தார், ரெட்டைமூட்டையைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் படித்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். மேலே இருந்து வருகிற காகிதத்தை எதற்கு என்று கேட்கிற வயதை அவர் எப்போதோ தாண்டியிருந்தார். பெரிய ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"ஒண்ணா, ஜோடியா?"

"ஒண்ணுதான்," என்றார் சாக்குக்காரம்மா.

"எந்த வருஷத்துச் சரக்கு?"

"அம்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"தயாரிப்பு?"

"எங்க மாமியார்."

"உத்தரவாதம் ஏதாவது?"

"கட்டிக்கொடுக்கறப்ப ஆயிரம் சொன்னாங்க. எதையும் எழுதிக் கொடுக்கலை."

ஸ்டோர் கீப்பர் 'உத்தரவாதம் இல்லை' என்று எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்து, கொஞ்சம் தணிந்த குரலில் பேசினார். "இந்தாங்கம்மா, விதிப்படி சொல்லிடறேன். இவ்வளவு பழசா இருந்தா பழுது பாக்கறது நமக்குக் கட்டுப்படியாகாது. கழிச்சுக்கட்டி ஏலத்துல விட்டுடறதுதான் வழக்கம். என்ன சொல்றீங்க? பழுதா, ஏலமா?"

சாக்குக்காரம்மா கணவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கட்டிலையும் மின்விசிறியையும் ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் கணவரைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கெல்லாமா யோசனை?" என்றார் ரெட்டைமூட்டை.

"சும்மா இருய்யா. சாமான் பேசக்கூடாது," என்றவர், "பழுதுன்னே போடுங்கண்ணே. பழகிப்போச்சு," என்றார்.

"அப்ப இன்னைக்கே பாத்தாகணும். உடைஞ்ச சாமான் ஒரு நாள் கிடந்தாலும் என் தலைதான் உருளும்." சீட்டைக் கிழித்துக்கொண்டு எழுந்தார். "வாங்க."

"கட்டுத்துணி அலமாரிக்கு எண் வேணுமே அண்ணே?"

ஸ்டோர் கீப்பர் இடுப்பிலிருந்து தேங்காய் அளவு சாவிக்கொத்தை எடுத்தார். "அலமாரியை வாங்கி வெச்சதே நான்தாம்மா. எண்ணெல்லாம் அவங்களுக்கு. எனக்குச் சாவி."

எலும்பு டாக்டர் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு நாற்பது. ஸ்டோர் கீப்பர் சீட்டை நீட்டினார். டாக்டர் படித்தார். "சாமான் ஒன்று. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. பழுது பார்க்கவும்." அவர் முகத்தில் அசைவு இல்லை. கீழே 'பழுது பார்ப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையைக் கழற்றி வைத்தார். அலமாரி பழைய சாவிக்குக் கிறீச்சென்று திறந்தது.

"மரத்துப் போக ஊசி போடறேன். இருந்தாலும் இழுக்கறப்ப வலிக்கும். கத்தணும்னா கத்திக்குங்க," என்றார் டாக்டர்.

"சார், சாமான் கத்துச்சுன்னா நான் ரெஜிஸ்டர்ல என்னன்னு எழுதறது?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

ரெட்டைமூட்டை பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் இழுத்தார். அவருக்குப் பதிலாக சாக்குக்காரம்மா கத்தினார். கட்டிடம் முழுக்கக் கேட்டது. ரெஜிஸ்டரில் அவர் பெயர் இல்லாததால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

"உக்காந்துடுச்சு," என்றார் டாக்டர், விரலால் தடவிப் பார்த்து. "நேரா இருக்கு. கட்டு காய்ஞ்சதும் போகலாம். பத்து நாள்ல வந்து காட்டுங்க. மூட்டை பக்கம் போகவே கூடாது, நான் சொல்ற வரைக்கும்." ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் பயிற்சிக்குக் கிளம்பிப் போனார். கட்டு காய்ந்ததும் ஸ்டோர் கீப்பர் கறுப்புப் பெயிண்டால் அதன்மேல் 'அசையும் பொருள் – 417' என்று எழுதினார். நாற்காலிகளுக்கு எழுதுவதைவிடக் கொஞ்சம் அழகாகவே எழுதினார்.

வாசலுக்குப் போவதற்குள் பின்னாலிருந்து குறியீட்டம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா! ஐயா, நில்லுங்க! நல்ல சேதி! மிதிவண்டிப் பயணிப் பக்கம் காலியாவே இருக்குன்னு மேலிடத்துல கேட்டுட்டாங்களாம். தலைவர் மனசு மாறிட்டார். உங்களைப் பயணியாவே ஏத்துக்கறோம். நபராவே ஏத்துக்கறோம்யா!"

"சந்தோஷம்மா," என்றார் ரெட்டைமூட்டை.

"குறியீட்டுக்கு முன்னாடி போட்ட கட்டு செல்லாது. அதை மட்டும் பிரிச்சுட்டு, மாடிக்கு வந்து முதல்லேருந்து..."

ரெட்டைமூட்டை கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. நான் சாமானாவே இருந்துக்கறேன்."

"ஐயோ, நபரா ஏத்துக்கறோம்னு சொல்றேனே! சும்மாவா?"

"நபரா இருந்தேன், நாலு மணி நேரம் ஒண்ணும் நடக்கலை. சாமானா ஆனேன், அரை மணி நேரத்துல கை நேராயிடுச்சு. நீங்க நல்லா இருக்கணும். அந்தப் பக்கத்துக்கு வேற யாராவது நிச்சயம் வருவாங்க."

குறியீட்டம்மா அந்த 417-ஐப் பார்த்தார். நல்ல மாதிரி என்று சொன்னேனே. "வாசல்ல பாத்துப் போங்க, மேடு இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வாசலில் காவலாளி ஸ்டோர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தார். சாமான் வெளியே போவதென்றால் வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்து வேண்டும். அச்சடித்த வரியைக் காட்டி, பேனாவைச் சாக்குக்காரம்மாவிடம் கொடுத்தார். 'மேற்படி பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'

சாக்குக்காரம்மா அதைப் படித்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "நல்ல நிலையிலயா? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லையேண்ணே. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"சும்மா போடுங்கம்மா, வழக்கமா எழுதறதுதான்."

"வழக்கமா வாங்கறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவர் 'நல்ல' என்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே 'இருந்த' என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து.

காவலாளி சீட்டைப் பாதியாகக் கிழித்து ஒன்றை ஆணியில் குத்தினார். ரெட்டைமூட்டை பழக்கத்தில், ஆட்கள் போகிற ஒரு முழ அகலமே உள்ள சின்ன வாசலுக்குக் குனியப் போனார்.

"அங்க எங்க போறீங்க? அது நோயாளிங்களுக்கு," என்றார் காவலாளி.

அவர் போய்த் தாழ்ப்பாளை இழுத்து, லாரி வருகிற பெரிய கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். ரெட்டைமூட்டை கொஞ்சம் தயங்கினார். பிறகு நிமிர்ந்து, நடுவில் நடந்து போனார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாமானுக்கு உரியவர் பின்னாலேயே போனார்.